சிறு தொந்தரவுகள்

போன வாரம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நர்ஸ் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு தாள். போதைப் பழக்கத்திலிருந்து மீள மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கொடுப்பதற்காகத் தமிழில் அச்சடிக்கப் போகிறார்களாம். "ஒருக்கா பாத்துத் தாங்க சிஸ்டர். அப்படியே உங்க அனுபவத்தையும் ஒரு பக்கம் எழுதித் தாங்க. புதுசா வார பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார்கள். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு என்ன ஜோலி என்று நினைத்திருப்பார்கள். நினைத்ததில் தப்பில்லை. காலையில் குறுக்குத்துறை வரை நடந்துபோய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவதுதான் இப்போது என் டியூட்டி.

தாள் நன்றாகத்தான் இருந்தது. ஊசி எப்படி வேலை செய்யும், எப்போது வரவேண்டும் என்றெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். நடுவில் 'சிறு தொந்தரவுகள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே குமட்டல், தலைவலி, அசதி, ஊசி போட்ட இடத்தில் கட்டி. அடுத்து 'பெரிய தொந்தரவுகள்'. அதில் ஈரல் பாதிப்பு, மனச்சோர்வு. நான் பேனாவை எடுத்து 'சிறு' என்ற சொல்லை அடித்தேன்.

"ஏன் சிஸ்டர்? குமட்டல் சின்னதுதானே?" என்றாள் பெரியவள்.

"யாருக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பிள்ளைகள் முகம் சுருங்கிவிட்டது. காப்பி போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினேன். அந்த 'யாருக்கு' என்பதைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் நிற்காது என்று இப்போதே தெரிகிறது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நெல்லை டவுனில் சைவக் குடும்பம். நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பெரியப்பா ஒருவர் என்னோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது முதல் போன் எனக்குத்தான் வந்தது. பயிற்சி முடிந்து, பிரசவ வார்டு, எலும்பு முறிவு வார்டு எல்லாம் சுற்றிவிட்டுப் பாளையங்கோட்டையில் இந்த மனநல ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். குடி, மாத்திரை, பொடி என்று பழகிப்போனவர்களைத் தெளியவைக்கும் இடம். வந்த முதல் வாரமே ஓடிப்போய்விடலாம் என்று இருந்தது. பிறகு அங்கேயே கிடந்துவிட்டேன்.

எங்கள் பெரிய டாக்டர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து யாரையும் பார்க்கமாட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து நோயாளிக்குப் பக்கத்தில், திருமண வீட்டில் இலைக்கு உட்கார்ந்த மாதிரி உட்காருவார். முதல் கேள்வி, "சாப்பிட்டீரா வே?" என்பதுதான். கவனித்துக் கேட்கவேண்டிய பேச்சு வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கண்ணாடி பைக்குள் போனால் நாங்கள் யாரும் அறைக்குள் போகமாட்டோம். மற்ற நேரமெல்லாம் கிண்டல்தான். "சிரிக்காத ஆள நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்பார். அவர் கிண்டலில் விஷம் இருக்காது. வெட்கிக் குனிந்து வந்த மனிதர்கள் அந்த ஒரு சிரிப்பில் தலை நிமிர்ந்து போனதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்த டாக்டர்தான் மாத ஊசியைக் கொண்டுவந்தார். போதை போய் உட்காருகிற இடத்தில் இந்த மருந்து முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய மாத்திரையை விழுங்கினாலும் ஏறாது. தினம் மாத்திரை கொடுத்தால் நாக்குக்கு அடியில் ஒளித்துத் துப்பிவிடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. உடம்பில் பழைய போதை துளிகூட இருக்கக்கூடாது. ஊசியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, சூடு கீடு காட்டாமல், தானாகக் குளிர் விடும்வரை மேஜையில் வைத்திருக்கவேண்டும். மருந்துப் பொடி தனி, நீர் தனி. இரண்டையும் சேர்த்துக் கை கடுக்கக் குலுக்கினால் பால் மாதிரி வரும். வந்ததும் தாமதிக்காமல் இடுப்புக்குக் கீழே தசைக்குள் ஆழமாக ஏற்றிவிடவேண்டும். கொஞ்சம் சுணங்கினாலும் ஊசியில் அடைத்துக்கொள்ளும். இந்த மாதம் இடது பக்கம் என்றால் அடுத்த மாதம் வலது பக்கம்.

தொந்தரவு என்று வந்தால் முதலில் கட்டிதான். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு எலுமிச்சங்காய் அளவு கட்டி வந்தது. "நின்னுக்கிட்டு வேல பாக்கவனுக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சிஸ்டர்" என்று சிரித்துவிட்டுப் போனார். அதே கட்டி மேலப்பாளையத்து ஆட்டோக்காரர் ஒருவருக்கு வந்தது. அவரால் சீட்டில் உட்காரமுடியவில்லை. ஒரு வாரம் ஆட்டோ வாசலிலேயே நின்றது. ஒரே கட்டிதான். புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

மிக்கேல் உவரிக்காரர், கடலில் மீன் பிடிக்கிறவர். நாற்பது வயதிருக்கும். வலை இழுக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு, வலிக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர். வலி போனது, மாத்திரை போகவில்லை. எங்களிடம் வரும்போது உள்ளங்கையில் அள்ளிப் போட்டுக்கொள்ளும் நிலைமை. அவர் மனைவி பிலோமிதான் கூட்டிவந்தாள். "இவிய கடலுக்குப் போனா போதும் சிஸ்டர். சம்பாதிக்கக்கூட வேண்டாம். கடலுக்குப் போற மனுசனத்தான் நான் கெட்டுனேன்" என்று சொன்னாள். அதற்கு எனக்கு அன்றைக்கு அர்த்தம் புரியவில்லை.

தெளியவைக்கும் நாட்களை மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். முதல் ஊசியை நான்தான் போட்டேன். "வயிறு கொஞ்சம் பொரட்டும், சாப்பாடு பிடிக்காது. போகப்போகச் சரியாயிரும்" என்று எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். "வயித்தப் பத்தி எனக்கென்னக்கா, கடல்ல கெடந்த வயிறு" என்றார்.

அடுத்த மாதம் வரும்போது கையில் ஒரு பை. திறந்தால் பெரிய சீலா மீன். எனக்காம். நான் சைவம் என்று தெரிந்ததும் மனிதர் பதறிப்போனார். நான் சிரித்துக்கொண்டே ஆயாவைக் கூப்பிட்டு மீனை ஒப்படைத்தேன். அப்போது பிலோமி, "இவியளே இத தூக்கிட்டு வரல சிஸ்டர். பஸ்ல வரும்போது நான்தான் வச்சிருந்தேன். இவியளுக்கு இப்போ மீன் வாடையே ஆவ மாட்டேங்கு. அடுப்புல கொழம்பு கொதிச்சா வெளிய ஓடுதாவ" என்றாள்.

டாக்டர் காதில் விழுந்துவிட்டது. "என்ன வே மிக்கேலு! உவரில பொறந்துட்டு மீன் வாடை ஆவலியா? எங்க ஆளா மாறிட்டீரு போலிருக்கே. சைவ அண்ணாச்சின்னுலா இனிமே கூப்பிடணும்!" என்றார். அறையே சிரித்தது. மிக்கேல்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சந்தோஷமான காலை அது. அந்த ஊசியை வலது பக்கம் போட்டு அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது மாதம் ஆள் வாடியிருந்தார். "இந்த மாசம் வேண்டாம்க்கா" என்றார். ஏன் என்று கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிலோமி பக்கம் பார்த்தேன். அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நான் வெளியே போக எழுந்தேன். மிக்கேல், "அக்கா இருக்கட்டும்" என்றார்.

"வள்ளத்துல வாந்தி எடுத்துட்டேன் டாக்டர்" என்றார்.

அவ்வளவுதானா என்ற மாதிரி டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாங்கள் இருவரும் ஆற்றங்கரை மனிதர்கள். கடலில் போகிறவனுக்கு வாந்தி வருவது இயற்கைதானே என்று நினைக்கிறவர்கள்.

"கரையில இருந்து வேடிக்கை பாக்க வாரவன்தான் வாந்தி எடுப்பான். எங்க அப்பா, தாத்தா யாரும் எடுத்தது கெடையாது. நான் பத்து வயசுல கட்டுமரத்துல போனப்பக்கூட எடுத்ததில்ல" என்றார் மிக்கேல். "பிடிச்ச மீன் காலடியில கெடக்கு. அந்த வாடையும் அலையும் சேந்து அடிச்சதுல எனக்கு நிக்க முடியல. குப்புறக் கெடந்தேன். என் பங்கு வலைய என் மச்சினந்தான் இழுத்தான். சின்னப் பயலுவ எல்லாம் பாத்துட்டு நிக்கானுவ."

டாக்டர் வாந்திக்கு மாத்திரை எழுதித் தருவதாகச் சொன்னார். "அதப் போட்டா தூக்கம் வருமா?" என்று மிக்கேல் கேட்டார். வரும் என்றதும், "வள்ளத்துல தூங்குனா செத்துருவேன்" என்றார். மூன்று மாதம் கரையிலேயே இருந்து வலை பின்னலாமே, ஏலத்தைப் பார்த்துக்கொள்ளலாமே என்றார் டாக்டர். மிக்கேல் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "கை சும்மா இருந்தா எங்க போவும்னு எனக்குத் தெரியும் டாக்டர்" என்றார்.

கடலுக்குப் போனால் வாந்தி. போகாவிட்டால் மாத்திரை நினைப்பு. ஊசியை நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து. நாங்கள் சொன்ன எதிலும் தப்பில்லை, அவர் சொன்னதிலும் தப்பில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், உடம்பு பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலானவர்களுக்குப் பழகத்தான் செய்யும். பிலோமி கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மிக்கேல் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் இடது பக்கம் ஊசியை ஏற்றினேன். அந்த முறை அவர் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

நாலாவது மாதம் வரவேண்டிய நாளில் வரவில்லை. அவருக்கான ஊசி குளிர்பெட்டியில் பெயர் ஒட்டித் தயாராக இருந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு நானே போன் செய்தேன். எடுத்ததும் பெரிய சத்தம். பின்னால் அலை, ஆட்கள் பேச்சு.

"அக்கா! வயிறு கல்லு மாரி இருக்குக்கா!" என்று கத்தினார். "நேத்து கெழக்க ரொம்ப தூரம் போனோம். ஒரு பெரட்டு கெடையாது. நானே வலைய இழுத்தேன். வீட்ல ரெண்டு சட்டி கொழம்பு தின்னேன்!"

இவ்வளவு சந்தோஷமாக ஒரு நோயாளி என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. என்ன செய்வேன்? ஊசி போடாமல் விட்டதற்குத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னேன். "மிக்கேலு, நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஊசியோட வேகம் இறங்கிட்டு. உங்க உடம்பு பழைய மாத்திரைய மறந்து போச்சு. முன்னால சாப்பிட்ட அளவு இப்போ சாப்பிட்டா அது விஷம். முதுகு வலிச்சா இங்கன வாங்க. தயவுசெஞ்சு பழைய கடைக்குப் போயிராதீங்க."

"மாதா சத்தியமா தொட மாட்டேன்க்கா. அடுத்த வாரம் வாரேன். உங்களுக்கு மீனு வேண்டாம், பதநீர் கொண்டாரேன்" என்றார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் மனதில் அப்படித்தான் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வரவில்லை. போனை யாரும் எடுக்கவில்லை. மிக்கேலுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு பிலோமி வந்தாள். கூட அவள் தம்பி ரூபன். மிக்கேல் சொன்ன அதே மச்சினன், அவருடைய பங்கு வலையை இழுத்தவன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டாக்டர் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. கை அதைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது.

ரூபன்தான் சொன்னான். தொடர்ந்து நாலைந்து நாள் வலை இழுத்ததில் மிக்கேலுக்கு முதுகு மறுபடியும் பிடித்துக்கொண்டது. வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. வாந்தி போய், இப்போது முதுகா என்று வள்ளத்தில் சிரிப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். காலையில் கரையேறி, மீனை இறக்கிவிட்டு, எங்கேயோ போய்விட்டு வந்து வள்ளத்தின் நிழலில் படுத்தார்.

"கொறட்ட விட்டாவ டாக்டர். அப்படி ஒரு கொறட்ட. நாங்க எல்லாம் சிரிச்சோம். சைவ அண்ணாச்சி நல்லா தூங்குதாவன்னு."

"என்ன சொன்னே?" என்றார் டாக்டர்.

"வள்ளத்துல அத்தான அப்படித்தான் கூப்பிடுவோம். அவியதான் வந்து சொன்னாவ, டாக்டர் எனக்கு இப்படிப் பேரு வச்சிருக்காருன்னு. மொதல்ல அவியளும் சிரிப்பாவ. வாந்தி எடுத்த பொறவு நாங்க கூப்பிட்டா சிரிக்க மாட்டாவ. நாங்க விடல."

பாளையங்கோட்டையில் பூ மாதிரி விழுந்த ஒரு சொல் உவரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முள்ளாகியிருந்தது. டாக்டர் எழுந்து பின்பக்க வராந்தாவுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு நோயாளியைக் கிண்டல் செய்து நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காருவார், சாப்பிட்டீரா என்று கேட்பார். அத்தோடு சரி. அவர் கிண்டலால் குணமானவர்களையும் எனக்குத் தெரியும் என்பதால், அந்த மௌனம் எனக்கு இரண்டாவது துக்கமாக இருந்தது.

பிலோமி என்னிடம் வந்து, "இவியளுக்கு வாங்கி வச்ச ஊசி இருக்கும்லா சிஸ்டர். அத வேற யாருக்காவது போட்டிருங்க. வீணாப் போவக்கூடாது" என்றாள். நான் குளிர்பெட்டியைத் திறந்து, மிக்கேல் பெயர் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டினேன். வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. அழுதுவிட்டேன். நர்ஸ் அழக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர்களை அன்றைக்குக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கவேண்டும்.

அவர்கள் கிளம்பும்போது ரூபன் மட்டும் திரும்பி வந்தான். அக்காவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

"சிஸ்டர், வெயில் அவிய மொகத்துல பட்டுச்சு. நான்தான் பாய எடுத்துப் போத்தி நெழலாக்கி விட்டேன். பையப் போங்கலே, எழுப்பாதீங்கன்னு பயலுவள வெரட்டுனேன். அன்னைக்கு ஒரு நாளாவது கிண்டல் பண்ணாம இருப்போம்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல கொறட்ட நின்னுட்டு. நல்லா அசந்துட்டாவன்னு இருந்தேன்." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அப்பமே எழுப்பியிருந்தா, எந்திரிச்சிருப்பாவளா?"

இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பதில் தெரியும். மாத்திரை அளவு மீறியவனுக்கு வருவது தூக்கக் குறட்டை இல்லை. மூச்சு அடைபட்டுப் போராடும் சத்தம் அது. அந்த நேரத்தில் உலுக்கி எழுப்பி, எழாவிட்டால் தூக்கிக்கொண்டு ஓடினால், மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. நிச்சயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வழி இருந்தது.

"எந்திரிச்சிருக்க மாட்டாவ அய்யா. நீ என்ன செஞ்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது" என்று சொன்னேன்.

அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். சொன்னது பொய்தான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையும் என்னால் சொல்லியிருக்கமுடியாது.

அந்த வாரத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் வந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்போம். பெயருக்குக் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு எழுவீர்கள், உட்கார்ந்து செய்கிற வேலையா, நின்று செய்கிற வேலையா, எந்த வாடையில் நிற்கவேண்டும், கூட வேலை செய்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அத்தனையும் கேட்போம். குமட்டல் சமையல்காரருக்கு ஒன்று, கணக்கு எழுதுகிறவருக்கு ஒன்று. வலை இழுக்கிறவருக்கு அது வேறு. புதிய பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டிய அனுபவம் இவ்வளவுதான். இதற்காகத்தான் 'சிறு' என்ற சொல்லை அடித்தேன். தொந்தரவு என்று மட்டும் இருந்தால் போதும். சிறிதா பெரிதா என்று அவரவர் சொல்லட்டும்.

தாளின் கீழே நான் ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன், பெரிய எழுத்தில். 'ஊசியை நிறுத்தியவர் பழைய மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். எழுப்புங்கள். எழவில்லை என்றால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிழைக்க வழி உண்டு.'

நேற்றுத் தாளை வாங்க வந்த பிள்ளைகளுக்கு அந்த வரி பிடித்துப்போனது. இன்றைக்கே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். நான்தான் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ரூபன் இப்போது சொந்த வள்ளம் வைத்திருக்கிறான். அவன் வள்ளத்தில் யாரையும் யாரும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாதாம். ஊரில் எவனாவது மாத்திரைக்குப் பழகிவிட்டான் என்று தெரிந்தால், அவனே பஸ் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிவருகிறான். ஊசி போட்டு முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். தாள் அச்சாகி வந்தால் முதலில் அவன் கையில்தான் கொடுப்பார்கள். அவன் எழுத்துக்கூட்டியாவது கடைசி வரி வரைக்கும் படிக்கிறவன்.

அதை அவன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து படிக்கக்கூடாது. அதனால் நாளைக்குக் காலை நான் உவரிக்குப் போகிறேன். ஆற்றங்கரையில் நடக்கும்போது இரண்டு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். "ரூபன், அன்னைக்கு நீ திரும்பி வந்து என்கிட்ட ஒண்ணு கேட்டியே" என்பது வரை வருகிறது. அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது.